சிட்டையில் எழுதிய ஒரு வரி

காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, யாருக்குக் கூலி பாக்கி என்று அன்றன்றைக்கே சிட்டையில் ஏற்றிவிடுவேன். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் கணக்கு உதைக்கும். 2019 ஜூலை 23, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மூட்டைக் கணக்குக்குக் கீழே இப்படி ஒரு வரி இருக்கிறது: "சர்வேயர் 20,000 கேட்டார். கடைசியாக 15,000. காலை 11.20. ஆபீஸ் வேப்பமரத்தடி. பக்கத்தில் யாரும் இல்லை."

களத்துக் கணக்கோடு அதைச் சேர்த்து எழுதியதற்குத் தனியாக ஒரு காரணமும் இல்லை. பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் கை தானாகச் சிட்டைக்குப் போய்விடும். அந்த வரியின் மதிப்பு எனக்குப் புரிய நான்கு வருஷம் ஆனது.

அப்பா 2018-ல் காலமானார். நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் கொரங்காடு இருக்கிறது. கிளுவை வேலி கட்டி, மாடும் ஆடும் மேய விடுகிற மானாவாரி நிலம். அண்ணனும் நானும் முகம் கோணாமல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டோம். அதன் பிறகு உட்பிரிவு செய்து ஆளுக்கொரு பட்டா வாங்க வேண்டும். அதற்கு சர்வேயர் வந்து அளந்து கல் நட வேண்டும். அரசுக் கட்டணம் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். நான்கு மாதம் ஆகியும் யாரும் வரவில்லை. கேட்கப் போன இடத்தில்தான் அந்த வேப்பமரத்தடிப் பேச்சு நடந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அதிலிருந்து கிளம்பிய வழக்கின் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. அந்த சர்வேயருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், கொடுத்துவிடலாம் என்றுதான் அன்று பாதி மனதோடு திரும்பினேன். எங்கள் பக்கம் இதைக் கொடுக்காமல் காரியம் முடிந்த வீடு எது என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டும். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அதே அலுவலகத்துக்கு வந்தவர். "மூணு வெள்ளாட்டுக் குட்டி வித்துக் குடுத்தேன் அம்மணி, இன்னும் அளக்க வல்லீங்க" என்றார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் மடிப்புக் கிழிந்த பத்திர நகல். வீட்டுக்கு வந்தும் அந்தப் பைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் ராத்திரி சர்வேயரே போனில் கூப்பிட்டார். "அக்கா, வெள்ளிக்கெழமை பைபாஸ் பேக்கரிக்கு வந்துருங்க, அந்தப் பதினஞ்சு கொண்டாந்தீங்கன்னா திங்கக்கெழமை அளந்துரலாம்" என்றார். வியாபாரிகள் போனில் சொல்லும் விலையைப் பிறகு மாற்றிப் பேசுவார்கள் என்பதால், என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி பையன் வைத்துக் கொடுத்திருந்தான். இதுவும் அப்படியே பதிவாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் நானும் வீட்டுக்காரரும் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போனோம். 1064 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டும் சொல்லலாம். எங்களுக்கு நேரில் போவதுதான் தைரியமாக இருந்தது. எனக்கு இருந்த பெரிய பயம், லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தானே, நம்மையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டால் என்ன செய்வது என்பது. அங்கிருந்த அதிகாரி அதைத்தான் முதலில் தெளிவாக்கினார். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் வந்தது. 2018-ல் அதைத் திருத்தியபோது கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கினார்கள். ஆனால் முன்கூட்டியே புகார் சொல்லி, அவர்களுக்கு உதவியாகப் பணம் கொடுப்பவருக்கு அது பொருந்தாது. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டவர்கள்கூட 7 நாளுக்குள் போய்ச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். இந்த 7 நாள் கணக்கு எங்கள் பக்கம் யாருக்கும் தெரிவதில்லை. கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் புலம்பிய பிறகு வருகிறவர்களுக்கு அந்தக் கதவு சாத்திவிடுகிறது.

புகாரை என் கையால் எழுதச் சொன்னார்கள். எழுதி நீட்டியதும் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "அவரா கேட்டாரா, நீங்களாக் குடுக்கறேன்னு சொன்னீங்களாம்மா?" அப்போது எனக்குச் சலிப்பாக இருந்தது. வழக்கு முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. பணம் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது. அவர் கேட்டார், கேட்டு வாங்கினார் என்ற இரண்டும் நிரூபணமாக வேண்டும். அதனால் யாராவது உங்களிடம் லஞ்சம் கேட்டால் பேரம் பேசாதீர்கள். "பத்து வெச்சுக்கங்க" என்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையே பிறகு எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் ஆயுதமாகிவிடும். என் சிட்டையில் "கடைசியாக 15,000" என்று இருப்பதைப் பார்த்து அதிகாரி முகம் சுருங்கினார். நான் பேரம் பேசவில்லை, இவ்வளவு முடியாதுங்க என்று மட்டும் சொன்னேன், அவராகத்தான் குறைத்தார் என்று விளக்கினேன். அதையும் அப்படியே புகாரில் எழுதச் சொன்னார். சிட்டைப் பக்கத்தை நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேப்பரில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று ஒரு வரியில் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் எத்தனை பேருடைய கவனம் இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

பணம் நான்தான் கொண்டுபோனேன். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு, முப்பது தாள். வேறு துறைகளில் வேலை செய்யும் இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைத்திருந்தார்கள். ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினார். அப்புறம் ஒரு காவலர் வெள்ளையாக ஒரு பொடியை நோட்டுகளில் தடவினார். பினாப்தலின் என்றார்கள். கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீர் நிறமே இல்லாமல் இருந்தது. பொடி தொட்ட விரலை அதில் விட்டதும் வெளிர் அரளிப்பூ நிறத்துக்கு மாறியது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்குமே, அம்மா ஆலாத்தி கரைப்பது ஞாபகம் வந்தது. அதிகாரியிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட அதே விசயந்தாம்மா" என்றார். அந்த ஒரு நிமிஷம் பயம் கொஞ்சம் இறங்கியது. பொடி தடவிய காவலர் எங்களோடு வரவில்லை. அவர் கையிலிருந்து வேறு எங்காவது ஒட்டியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நோட்டை என் கைப்பைக்குள் அவரே வைத்தார். கேட்டால் மட்டும் கொடுங்கள், கேட்காவிட்டால் கொடுக்காமல் திரும்பி வாருங்கள் என்று மூன்று தடவை சொன்னார்கள். வாங்கிய பிறகு முந்தானையால் முகம் துடைப்பது நான் காட்ட வேண்டிய சைகை. சாட்சிகளில் ஒருவர் என் சித்தப்பா மகன் என்ற பேரில் கூடவே வந்தார்.

பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சர்வேயர் வந்ததும் "கொண்டாந்துட்டீங்களாக்கா?" என்றார். மேஜை மேல் கிடந்த பேப்பரைக் காட்டி, "இதுக்குள்ள வெச்சிருங்க" என்றார். வைத்தேன். இடது கையில் போனைப் பிடித்தபடியே, வலது கையால் நோட்டுகளை உருவி பேண்ட் பாக்கெட்டில் வைத்தார். எண்ணவில்லை. நான் முகத்தைத் துடைத்தேன். நிஜமாகவே வேர்த்திருந்தது.

உள்ளே வந்தவர்கள் சத்தம் போடவில்லை. அவர் கைகளை ஒவ்வொன்றாக டம்ளரில் விடச் சொன்னார்கள். வலது கை விட்ட தண்ணீர் நிறம் மாறியது. இடது கை விட்டது மாறவில்லை. பாக்கெட்டின் உள்துணியை நனைத்துப் பார்த்தார்கள், அதுவும் மாறியது. ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டு எண்களை ஒப்பிட்டார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்காரர், "மாஜிஸ்திரேட்கிட்ட வாக்குமூலம் குடுக்கறப்ப, எண்ணிப் பாத்து வாங்குனாருன்னு சொல்லிப்போடு, அப்பத்தான் கேஸ் பலமா இருக்கும்" என்றார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். சிட்டையை எடுத்துப் பார்த்தேன். பேக்கரியிலிருந்து வந்ததும் எழுதிய வரியில் "எண்ணவில்லை" என்று இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் அதையே சொன்னேன். (இப்போது அதற்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நடைமுறை பெரும்பாலும் அதேதான்.)

இனி நம் காரியம் நடக்குமா, பழிவாங்கி இழுத்தடிப்பார்களா என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி. எனக்கு மூன்று வாரத்தில் வேறொரு சர்வேயர் வந்தார். வெயிலில் மத்தியானம் வரை சங்கிலி பிடித்து அளந்தார். மோர் கொடுத்தேன், வாங்கவில்லை. சொந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். கோபமாக இல்லை, பயமாக இருந்தார். பட்டா வந்தது. நான் கொடுத்த 15,000-க்கு ஈடாக அரசுப் பணமும் பிறகு கிடைத்தது. பிடிபட்டவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே ஒரு அரசு ஊழியர் தானாக அந்த நிலைக்குப் போய்விடுவார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பங்காளி வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. பெரியப்பா தனியாகக் கூப்பிட்டு, "பதினஞ்சாயரத்துக்கு ஒரு குடும்பத்தையே கெடுத்துப்போட்டியே சாமி" என்றார். அம்மா, சிவன்மலைக்குப் போய்ப் பூக்கேட்டுவிட்டு அப்புறம் சாட்சி சொல்லு என்றாள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாங்கியவரை விட்டுவிட்டு, சொன்னவளைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கம் நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாதது அதுதான்.

ஒருநாள் சர்வேயரின் மனைவி வீட்டுக்கே வந்தார். இடுப்பில் சின்னக் குழந்தை. திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். "கோர்ட்ல மட்டும் ஞாபகமில்லைன்னு சொல்லிருங்கக்கா, உங்களுக்கு என்ன வேணுமோ செய்யறோம்" என்றார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். ஆனால், "சொன்னதை மாத்துனா நான் பொய் சொன்னவளாயிருவேன் கண்ணு, என்னால முடியாது" என்றேன். அவர் போன பிறகு நாளையும் நேரத்தையும் பேச்சையும் எழுதி வைத்தேன். புலனாய்வு அதிகாரிக்கும் போன் செய்து சொன்னேன். மிரட்டல் வந்தாலும் சரி, கெஞ்சல் வந்தாலும் சரி, உடனே அவர்களுக்குத் தெரியப்படுத்திவிடுவது நல்லது. இல்லாவிட்டால், வீட்டுக்கு வந்தார்கள், ஏதோ பேசி முடித்துக்கொண்டார்கள் என்று கதை திரும்பிவிடும். லஞ்ச வழக்கு இரண்டு பேர் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்கிற வழக்கும் அல்ல.

பொறியில் கையோடு பிடிக்கும் வழக்கில் விசாரணை தொடங்க மேலிட அனுமதி தேவையில்லை. ஆனால் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்வதற்கு அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவரின் இசைவாணை, அதாவது எழுத்து மூலமான அனுமதி, வேண்டும். அதற்கு 3 மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடிக் கிடந்தது. குற்றப்பத்திரிகை 2021-ல்தான் தாக்கலானது. வழக்கை 2 வருஷத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், எத்தனை தடவை நீட்டித்தாலும் மொத்தம் 4 வருஷத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாட்சிக் கூண்டில் நான் ஏறியபோது 2023. அதற்கு முன் ஏழு தடவை சம்மன் வந்து, காலை பஸ் பிடித்துப் போய், வாய்தா என்று திரும்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் களத்தில் ஒருநாள் கூலி போகும். சாட்சிப் படி உண்டு, கேட்டு வாங்குங்கள். நான் முதல் மூன்று தடவை கேட்கவே இல்லை.

குறுக்கு விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. சர்வேயர் முன்பு கொடுத்த கைமாற்றைத்தான் நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றார் வக்கீல். இல்லை என்றேன். அளப்பதற்குத் தாமதமான கோபத்தில் பணத்தைத் திணித்தீர்கள் என்றார். இல்லை என்றேன். வேப்பமரத்தடியில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம் யாருக்கு நிற்கும்? சிட்டையைப் பார்த்துச் சொல்லலாமா என்று நீதிபதியைக் கேட்டேன். சம்பவம் நடந்த கையோடு தானே எழுதி வைத்ததைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ளச் சாட்சிக்கு உரிமை உண்டு. நீதிபதி அனுமதித்தார். 11.20 என்று சொன்னேன்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. பதினைந்தாயிரம் வாங்குகிறவர் எண்ணாமலா வாங்குவார் என்றார். எண்ணவில்லை என்றேன். எண்ணினார் என்று என் வாயில் வரவைக்க நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை. வெளியே வந்ததும் அரசு வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எண்ணியிருந்தால் இரண்டு கையிலும் பொடி பட்டிருக்க வேண்டும். இடது கை கழுவிய தண்ணீர் நிறம் மாறவில்லை என்று, பிடித்த இடத்தில் நடந்ததை எழுதிய மகஜரிலும் ஆய்வக அறிக்கையிலும் இருக்கிறது. வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால், உண்மையாக நடந்த மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து சரிந்திருக்கும்.

என்னோடு பேக்கரிக்கு வந்த அரசு ஊழியர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். "கொண்டாந்துட்டீங்களா" என்று கேட்டது காதில் விழுந்தது, தொகை நினைவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு வயிறு கலங்கியது. 2022 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில், புகார் சொன்னவரே இறந்துபோனாலும், சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சி ஆனாலும் மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைச் சான்றுகளையும் வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று சொல்லியிருப்பதை அரசு வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். எங்கள் வழக்கில் போன் பதிவு அந்த இடத்தைத் தாங்கியது. அதுவும் லேசில் நடக்கவில்லை. பதிவை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அந்த நகல் போதாது, மூலப் போனே வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். அதனால் இப்படி ஏதாவது பதிவானால் அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், இடம் போதவில்லை என்று பிள்ளைகள் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024-ல் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷம் சிறை, அபராதம். அந்தப் பிரிவில் கொடுக்கக்கூடிய குறைந்தபட்சத் தண்டனையே அதுதான். அதிகபட்சம் ஏழு. தண்டனையை நிறுத்தி வைத்து, ஜாமீனில் வெளியே வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார். வேலை போய்விட்டது. தீர்ப்பைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை இப்போது நடந்து வந்திருந்தது. ஆனால் சாட்சி சொன்னதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. மூன்று குட்டி விற்ற பெரியவருக்கு யாரும் மாலை போட வேண்டாம், நிலத்தை அளந்து கொடுத்தால் போதும். அதை இலவசமாகச் செய்வதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

போனைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்திருக்க வேண்டும், அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வழக்கு சம்பந்தமில்லாத உங்கள் சொந்தப் படங்கள், பதிவுகள் இருந்தால், மூலத்தில் எதையும் தொடாமல் அவற்றுக்கு மட்டும் நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். என் போன் சான்றுப் பொருளாக இன்னும் கோர்ட் அலமாரியில் இருக்கிறது. மேல்முறையீடு முடியும்வரை திரும்பி வராது. எல்லா அழைப்பையும் பதிவு செய்த போன் அது. 2018-ல் அப்பா கடைசியாகக் கூப்பிட்டுப் பேசியதும் அதற்குள்தான் இருக்கிறது. கொரங்காட்டில் மழை பெய்திருக்கிறது, கொழுக்கட்டைப் புல் தலை காட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்று சொன்னார்.